துவைத்து வைத்த சாட்சியம்

அண்ணி மடித்து வைத்த படுக்கை விரிப்பைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது. நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். ஓரம் அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். ஆஸ்பத்திரித் துணிகளை மொத்தமாக எடுத்துத் துவைத்துக் கொடுக்கும் ஒரு சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர் அவர். அங்கே அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. மடிப்பக்கா என்றால்தான் தெரியும். ஒரு மாதம் சம்பளச் சீட்டிலேயே அப்படி அச்சாகி வந்துவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டும் என் அண்ணன் அதைச் சட்டம் போட்டு மாட்டுவேன் என்று ஒரு வாரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“மாட்டுங்க, மாட்டுங்க. உங்க பேரு போட்ட சீட்டு ஒண்ணும் இந்த வீட்டுச் சுவத்துல இல்லையே, அபராதச் சீட்டத் தவிர” என்றார் அண்ணி.

நான் பத்து வருடங்களாக வேறு நாட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் வீட்டிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை அண்ணன் கூப்பிட்டார். “பயப்படாத, உயிருக்கு ஒண்ணும் இல்ல” என்றுதான் ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும் எந்தச் செய்தியும் நல்ல செய்தியாக இருந்ததில்லை.

நடந்ததைச் சொல்வதற்குமுன் அந்த வேலையைச் சொல்ல வேண்டும்.

சலவைக் கூடத்தில் ஈரப் பக்கம், காய்ந்த பக்கம் என்று இரண்டு உண்டு. ஈரப் பக்கத்தில் துவைக்கிறார்கள். காய்ந்த பக்கத்தில் ரோலர் இருக்கிறது. இரண்டு ஆள் நீளத்துக்கு அகலமான உருளை அது. ஆவியால் கொதிக்கும். பிழிந்த விரிப்பின் இரு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து, விறைப்பாக இழுத்து, அதன் வாய்க்குள் கொடுப்பார்கள். மறுபக்கத்தில் விரிப்பு இஸ்திரி போட்டபடி வெளியே வரும். வாயருகே குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி. கை அதில் பட்ட அந்த நொடியே உருளை நின்றுவிடும். நின்றால்தான் கை பிழைக்கும்.

விரிப்பின் மறுமுனையைப் பதினொரு வருடங்களாகப் பிடித்துக்கொண்டிருந்தவளை அண்ணி எதிராளி என்று கூப்பிடுவார். எதிரே நிற்கிறவள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு பேருக்கும் இடையில் எப்போதும் ஒரு விரிப்பின் நீளம் இருந்தது. ஊர்க் கதை எல்லாம் அந்த நீளத்தைத் தாண்டித்தான் போய் வரும்.

கம்பியில் ஒரு சிக்கல் உண்டு. விரிப்பின் மூலை உள்ளே மடங்கினால் கையால் தட்டி நீவிவிட வேண்டும். நீவினால் மணிக்கட்டு கம்பியில் படும். பட்டால் உருளை நிற்கும். நின்ற உருளையை மறுபடி ஓட்ட, பின்பக்கம் போய் ஒரு விசையைத் தள்ளிவிட்டு வர வேண்டும். அதற்குள் சூட்டில் கிடக்கும் விரிப்பு மஞ்சளாகிவிடும். மஞ்சளான விரிப்பு மறுபடி ஈரப் பக்கம் போகும். மேற்பார்வையாளர் வந்து யார் கை என்று கேட்பார். அவருக்குக் குக்கர் என்று பட்டப்பெயர். கோபம் வந்தால் முதலில் மூச்சு விடுவார், பிறகுதான் விசில்.

ஆகவே கம்பியைக் கட்டினார்கள். கிழிந்த தலையணை உறையின் ஓரத்தைப் பட்டையாகக் கிழித்து, கம்பியை மேலே தூக்கி, ஒரு முடிச்சு. காலையில் கட்டுவது, மாலையில் அவிழ்ப்பது. ஒரு வாரம் அண்ணி, ஒரு வாரம் எதிராளி. வெளியாட்கள் யாராவது பார்வையிட வந்தால் குக்கர் வாசலிலிருந்தே, “விருந்தாளிங்க வர்றாங்க” என்று உரக்கச் சொல்வார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிக் காலுறை மாட்டுவதற்குள் முடிச்சு அவிழ்ந்திருக்கும். நாடாக்களைப் போட்டுவைக்க ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அது குக்கர் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவசரம் என்று சொல்லியிருந்தார்கள். பத்து மணி டீக்கு யாரும் போகவில்லை. பத்து பத்துக்கு ஒரு விரிப்பின் மூலை மடங்கியது. அண்ணி நீவக் கையை நீட்டினார். சூடு தாங்குவதற்காக விரல்களில் சுற்றியிருந்த துணிப்பட்டை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது, விரல்களும் போயின. எதிராளி ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது, ஆனால் விடவில்லை. கைப்பிடியைச் சுற்றித்தான் மேல் உருளையைத் தூக்க வேண்டும். அதற்கு முக்கால் நிமிடம் ஆனது. அண்ணி கத்தவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணியிடம் கேட்டேன்.

“கத்தினேனே. ரோலர் சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்கல.”

வலது கை. சுண்டுவிரலின் முதல் கணு போய்விட்டது. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. புறங்கையில் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்கள். விரல் மடங்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் இன்னொரு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு செய்தால் பலன் குறையும் என்று டாக்டர் சொன்னார்.

அந்த அறுவை சிகிச்சையின் செலவை யார் ஏற்பது என்பதுதான் பிறகு எல்லாமும். வேலையில் பட்ட காயம் என்று ஈட்டுத்தொகை அலுவலகம் ஒப்புக்கொண்டால் சிகிச்சையும், வேலைக்குப் போகாத மாதங்களுக்கான சம்பளமும், திரும்பிப் போக ஒரு வேலையும் உண்டு. ஒப்புக்கொள்ளாவிட்டால் மூன்றும் இல்லை. வேன் ஓட்டி அந்த அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்க்க முடியாது.

விண்ணப்பத்தை நிரப்பியது அண்ணன். சொல்லச் சொல்ல எழுதவைத்தது நான். படிவத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டு மொழியிலும் ஒவ்வொரு கட்டத்தையும் மூன்று முறை படித்தேன். ‘விபத்து நேர்ந்த விதம்’ என்ற இடத்தில் நான்கு வரி காலியாக இருந்தது.

“நாடா கட்டினத எழுதணுமா?” என்று அண்ணி போனில் கேட்டார்.

“வேணாம் அண்ணி. கேட்டதுக்கு மட்டும் பதில். அதிகமா ஒரு வார்த்தை எழுதினாலும் நம்ம தலைலதான் வந்து விழும்.”

“அதுவும் சரிதான். அந்த வாரம் கட்டினது அவ. அவ வீட்டுல சம்பாதிக்கிறது அவ ஒருத்திதான்.”

‘ரோலரில் கை சிக்கியது’ என்று மூன்று சொல் எழுதினோம். மீதி மூன்றரை வரியை வேறு யாராவது நிரப்புவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நிரப்பினார்கள். ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சலவைக் கூடத்தின் காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய ஆள் விபத்துக்கு மறுநாளே போய்ப் பார்த்திருக்கிறார். தரை பளபளப்பாக இருந்ததாம். தடுப்புக் கம்பியை மரக்குச்சியால் மூன்று முறை தட்டிப் பார்த்திருக்கிறார், மூன்று முறையும் உருளை நின்றிருக்கிறது. ஆகவே முன்பக்கமிருந்து கை உள்ளே போக வழியே இல்லை. பின்பக்கமிருந்துதான் போயிருக்க வேண்டும். பின்பக்கத்தில் என்ன இருக்கிறது? பணியாளர்கள் சூடாக்குவதற்காக வரிசையாக வைக்கும் சாப்பாட்டு டப்பாக்கள். குக்கர் எழுதும் பதிவேட்டில் பத்து மணி முதல் பத்தே கால் வரை இடைவேளை என்று இருக்கிறது. அது எல்லா நாளும் அப்படித்தான் இருக்கும், முன்கூட்டியே எழுதிவிடுவார். அன்றைக்கு அண்ணியின் டப்பாவும் அங்கே இருந்தது. முடிவு: இடைவேளையில், சொந்தத் தேவைக்காக, அனுமதியில்லாத இடத்தில் கை வைத்ததால் நேர்ந்த காயம். விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அறுபது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

மேல்முறையீடு போட்டோம். விசாரணைத் தேதி வந்ததும் பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி சோபாவிலிருந்து எழுந்தார். கையில் தோல் நிற உறை போட்டிருந்தார்.

“வாங்க நாத்தனாரே. இனிமே இந்த வீட்டுல குத்தம் கண்டுபிடிக்க ஆள் வந்தாச்சு” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழறதா இருந்தா பெட்டிய உள்ள வச்சிட்டு அழு. வழில நிக்குது” என்றார்.

டீ போட்டது அண்ணன். இத்தனை மாதத்தில் கற்றுக்கொண்டிருந்தார். மூன்று பேர் குடித்து முடிக்கும்வரை யாரும் டீயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

“எனக்குக் கை போனதுகூடப் போகட்டும்” என்றார் அண்ணி. “பத்தொன்பது வருஷம். ஒருநாள் லீவு போட்டா மறுநாள் ரெண்டு ஆள் வேலை செஞ்சிருக்கேன். கடைசில சோத்துக்காக கைய விட்டேன்னு எழுதிட்டான் பாரு. அதுவும் அன்னைக்கு டப்பால பழைய ரொட்டி. அதுக்கா கைய விடுவேன்?”

“நல்ல சாப்பாடா இருந்தா ஒத்துக்கலாம்” என்றார் அண்ணன்.

“நீங்க செஞ்சதுதானே அது.”

சாயங்காலம் எதிராளி ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாள். மெலிந்த உடம்பு, பெரிய குரல். ரோலர் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியவர்களுக்கு வீட்டுக்குள்ளும் குரல் இறங்காது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பழங்களை எடுத்து மேசையில் வரிசையாக அடுக்கினாள்.

அன்று என்ன நடந்தது என்று நான் கேட்டேன். சொல்லத்தான் வந்திருந்தாள் போலிருந்தது.

“ஆம்புலன்ஸ் போயிடுச்சு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நின்னு பாக்கறேன், எங்க பாத்தாலும் ரத்தம். அக்காவோட ஏப்ரன் கீழ கிடக்கு. விரிப்பு, விரல் பட்டை, நாடா, எல்லாத்துலயும். அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. நாடாவ அவுத்தேன். எல்லாத்தையும் சேர்த்து மிஷின்ல போட்டேன்.”

“துவைச்சிட்டீங்களா?”

“துவைச்சு, காயவச்சு, இஸ்திரி போட்டு, அலமாரில அடுக்கிட்டேன். தரையையும் கழுவிவிட்டோம், எல்லாருமா சேந்து. அப்புறம்தான் உக்காந்தேன்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேறு எந்தத் தொழிற்கூடமாக இருந்தாலும் மறுநாள் வருகிறவர் பார்க்க ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும். இவர்கள் கறையைக் கண்டால் கை சும்மா இருக்காதவர்கள். அந்த நாடா கம்பியில் தொங்கியிருந்தால் மரக்குச்சிக்காரர் டப்பா பக்கம் போயே இருக்க மாட்டார்.

“எனக்குச் சாட்சிக்கு வரச் சொல்லி லெட்டர் வந்திருக்கு” என்றாள் எதிராளி. அண்ணியைப் பார்க்கவில்லை, பழத்தைப் பார்த்தாள். “நான் குனிஞ்சு அடுத்த விரிப்ப எடுத்துட்டிருந்தேன், பாக்கலன்னு சொல்லிடவா அக்கா?”

“அப்படியே சொல்லு. நாடாப் பேச்சே எடுக்காத. கட்டினது நம்மதான்னு தெரிஞ்சா எனக்கும் கிடைக்காது, உன் வேலையும் போயிடும். ரெண்டு கையையும் எதுக்கு விடணும்?”

“அப்ப டப்பா?”

“டப்பா பொய்யுன்னு நான் சொல்லிக்கறேன்.”

“எப்படி நிரூபிப்பீங்க அண்ணி?” என்றேன்.

“பொய்ய எப்படிடி நிரூபிக்கறது? பொய்யுன்னு சொல்றதுதான்.”

சட்டத்தைப் படித்துப் பார்த்திருந்தேன். யார் தவறு என்பது இதில் கேள்வியே இல்லை என்று ஒரு பக்கத்தில் இருந்தது. தெரிந்தே பாதுகாப்பைக் கழற்றினால் நிலைமை வேறு என்று இன்னொரு பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்தைச் சொன்னால் இரண்டாம் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் சொன்ன மூன்று சொல்லால் ஏற்கெனவே ஒரு முறை வழுக்கியாகிவிட்டது. ‘ஒருவேளை’ என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றாவது தடவை அண்ணி, “நாத்தனாரே, ஒரு ஆரஞ்சு உரிச்சுக் குடு. என்னால உரிக்க முடியல” என்றார்.

விசாரணை மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது தளத்தில். நீள மேசை, அதன்மேல் பச்சைத் துணி, ஒரு தண்ணீர் ஜக்கு. விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே கோப்பைப் புரட்டினார். மேசையின் ஒரு பக்கத்தில் காப்பீட்டுக்காரர். அவருக்குப் பக்கத்தில் குக்கர், இஸ்திரி போட்ட சட்டையில். இன்னொரு பக்கத்தில் நாங்கள். எதிராளி கடைசி நாற்காலியில்.

காப்பீட்டுக்காரர் அறிக்கையை வாசித்தார். டப்பா என்ற சொல் வந்தபோதெல்லாம் அண்ணியின் கழுத்து விறைத்தது. பிறகு அண்ணி சொன்னார். இடைவேளை விடவில்லை, முன்பக்கம்தான் நின்றேன், மூலை மடங்கியது, நீவினேன்.

“கம்பி இருக்கும்போது நீவின கை எப்படி உள்ள போச்சு?” என்று கேட்டார் அதிகாரி.

“போயிடுச்சு மேடம்.”

எதிராளியைக் கேட்டார். குனிந்திருந்தேன், பார்க்கவில்லை என்றாள். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் எனக்கே பாதிதான் கேட்டது.

அதிகாரி பேனாவை மூடினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் ஜக்கைத் தூக்கிக் காப்பீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

“இதப் பிடிங்க. அம்மா, எனக்கு ரோலர்னா என்னன்னு படத்துலதான் தெரியும். இந்த மேசைத்துணிய விரிப்புன்னு வச்சுக்கங்க. மேசை விளிம்புதான் ரோலர் வாய். ரெண்டு பேரும் எப்படிக் குடுப்பீங்கன்னு காட்டுங்க. வலிச்சா வேணாம்.”

இருவரும் எழுந்தார்கள். துணியின் இரு முனைகளையும் பிடித்தார்கள். பிடித்ததும் அவர்கள் நின்ற விதமே மாறிவிட்டது. ஒரே உதறல், துணி விறைத்து நின்றது. ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் கொடுத்து, மூலையை நீவி, அடுத்த அடி எடுத்து வைத்தார்கள். மடங்காத விரல்களோடு அண்ணியின் வலது கை தன் இடத்துக்குத் தானே போய் வந்தது.

அதிகாரி ஓர் அடிக்கோலை எடுத்துப் படத்தைப் பார்த்து உயரம் வைத்துப் பிடித்தார். “கம்பி இங்க. இப்ப செய்ங்க.”

செய்தார்கள். அண்ணியின் மணிக்கட்டு அடிக்கோலில் இடித்தது.

“மறுபடி.”

மறுபடியும் இடித்தது. மூன்றாவது முறை துணியை உதறும்போதே எதிராளியின் இடது கை தானாக நீண்டு, அடிக்கோலை அதிகாரியின் கையோடு சேர்த்து மேலே தள்ளியது. தள்ளிய கை அங்கேயே நின்று, இரண்டு விரலால் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தது.

“என்ன பண்றீங்க?” என்றார் அதிகாரி.

எதிராளி தன் விரல்களைப் பார்த்தாள்.

“கட்டறேன் மேடம்.”

“எத?”

“கம்பிய.”

“ஏய், சும்மா இரு” என்றார் அண்ணி.

“போதும்க்கா.” குரல் திரும்பி வந்துவிட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “நீங்க சோத்துக்காகக் கைய விட்டீங்கன்னு படிக்கறாங்க, நான் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். கட்டியிருந்துச்சு மேடம். தினமும் கட்டுவோம். அன்னைக்குக் கட்டினது நான்.”

“யார் கட்டச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நாடா போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டின் மட்டும் குடுத்தாங்க.”

அதிகாரி குக்கர் பக்கம் திரும்பினார். “டின் எங்க இருக்கு?”

குக்கர் நீளமாக மூச்சு விட்டார். “என் மேசைக்குப் பக்கத்துல நிறைய சாமான் இருக்குங்க மேடம்.”

“நான் உங்க மேசைய இன்னும் கேக்கவே இல்லையே.”

காப்பீட்டுக்காரர் ஜக்கைப் பிடித்தபடியே குனிந்து எதையோ எழுதப் பார்த்தார். தண்ணீர் அவர் கோப்பில் கொட்டியது. எதிராளி தன்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து ஒற்றினாள்.

“அந்த நாடா இப்ப எங்க?” என்றார் அதிகாரி.

“துவைச்சிட்டேன் மேடம்.”

“ஏன்?”

“ரத்தமா இருந்துச்சே.” அது போதவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, “முதல்ல குளிர்ந்த தண்ணில ஊற வச்சேன். ரத்தக் கறைக்குச் சுடுதண்ணி ஆகாது, பிடிச்சுக்கும்” என்றாள்.

அதிகாரி மூக்கைத் துடைக்க மறந்து அவளையே பார்த்தார். பிறகு அண்ணியிடம், “இத ஏன் முதல்லயே எழுதல?” என்று கேட்டார்.

“என் தப்புன்னு ஆயிடும்னுதான் மேடம். இவ வேலையும் போயிடும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யார் தப்புன்னு இந்த மேசையில கேக்கறதில்லம்மா. வேலை செய்யும்போது பட்டுதா, அந்த வேலையால பட்டுதா, இதான் கேள்வி. நீங்க தப்ப மறைக்கப் போய் வேலையையே மறைச்சிட்டீங்க.”

காப்பீட்டுக்காரர் நிமிர்ந்தார். “மேடம், தெரிஞ்சே பாதுகாப்ப எடுத்திருக்காங்க. அதுக்குச் சட்டத்துல தனியா இருக்கு.”

எனக்குப் பயமாக இருந்த இரண்டாம் பக்கம் அது.

“இருக்கு. எனக்கும் தெரியும். ஆனா ஒளிச்சு வச்சு ஒருத்தர் செஞ்சாத்தான் அது அவரோட மீறல். மேற்பார்வையாளருக்குத் தெரிஞ்சு, டின் வச்சு, முறை போட்டுத் தினமும் செஞ்சா, அங்க வேலை நடக்கற விதமே அதான். டின் உண்மையான்னு நான் ஆள் அனுப்பிப் பாக்கறேன். இன்னைக்கே.” குக்கரைப் பார்த்தார். “நீங்க போன் எதுவும் பண்ணாம இங்கயே உக்காருங்க. விருந்தாளிங்க போய்ட்டு வரட்டும்.”

எதிராளி எதற்காகத் திடுக்கிட்டாள் என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

டின் இருந்தது. அதில் பதினான்கு நாடாக்கள் இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தனவாம். போய் வந்தவர் அப்படியே எழுதியிருக்கிறார்.

தீர்ப்பு வருவதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது. திரும்பிப் போய்த் தினமும் போன் செய்தேன். ஐந்தாம் நாள் அண்ணி, “நீ கேக்கறதால லெட்டர் சீக்கிரம் வராது, என் காதுதான் தேயுது” என்றார். இருபத்து மூன்றாம் நாள் வந்தது. காயம் பணியின்போதும் பணியின் காரணமாகவும் ஏற்பட்டது என்று முதல் பத்தியிலேயே இருந்தது. சிகிச்சை முழுவதும் பொறுப்பேற்கப்படும். பணிக்குத் திரும்பும்போது கைக்கு ஏற்ற வேலை தரப்பட வேண்டும். சலவைக் கூடத்தின்மேல் தனியாக ஒரு விசாரணை தொடங்கியது. எதிராளிக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது, ஈரப் பக்கம் மாற்றினார்கள். வேலை போகவில்லை. கம்பிக்குப் பதிலாக வலைக்கதவு போட்டார்கள், அதைக் கட்ட முடியாது. நாளுக்கு ஆறேழு விரிப்பு மஞ்சளாகிறதாம். குக்கர் இப்போது விசில் அடிப்பதில்லை, மூச்சோடு நிறுத்திக்கொள்கிறார்.

அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் தர அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் வேனில் அழைத்துப் போனார். முகப்பில் இருந்த குமாஸ்தா காகிதத்தை நீட்டிவிட்டு அண்ணியின் கையைப் பார்த்தார்.

“பரவால்லம்மா, கைநாட்டு வச்சா போதும்” என்று மைப்பெட்டியைத் தள்ளினார்.

“அது எழுதத் தெரியாதவங்களுக்குத்தானே?”

“முடியாதவங்களுக்கும்தான்.”

அண்ணி பேனாவை இடது கையில் எடுத்துக்கொண்டார். மடங்காத வலது விரல்களால் காகிதத்தை அழுத்திப் பிடித்தார். ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் தொண்டையைச் செருமினார். “அவசரம்னா முன்னாடி போங்க, எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சு” என்றார் அண்ணன்.

குமாஸ்தா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். வேலையில் சேர்ந்தபோது போட்டு, கோப்பில் இருந்த பழைய கையெழுத்தின் பக்கத்தில் வைத்தார்.

“ரெண்டும் ஒத்து வரலையேம்மா.”

“எப்படி ஒத்து வரும்? இனிமே இதான் என் கையெழுத்து. மாத்திக்கங்க.”

அதற்குத் தனி விண்ணப்பம் இருக்கிறது, அதில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் குமாஸ்தா. அண்ணி பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “குடுங்க” என்றார்.